வாண்டரூன்னா எந்தக் குரங்கு? சிங்கவாலா, மந்தியா?

பாகூர்_ஏரிக்கரை
எல்லாருக்கும் வணக்கம். எங்க சித்தப்பா காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுல ஒரு பழைய இங்கிலீஷ் புஸ்தகம் வாங்கிட்டு வந்தாரு, அட்டையும் இல்ல முதல் சில பக்கமும் இல்ல, சிலோன்ல தோட்டம் வெச்சிருந்த யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் கதைய எழுதி வெச்சிருக்காரு. சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் அவ்ளோ ஓடாது, அதனால நான் கொஞ்சம் கொஞ்சமா தமிழ்ல எழுதிக் குடுத்துகினு இருக்கேன். இப்ப ஒரு இடத்துல மாட்டிகினேன். காலையில மரத்து மேல "வாண்டரூ" கூட்டம் கத்துச்சின்னு எழுதியிருக்கு. முதல்ல கங்காரு மாதிரி ஏதோன்னு நெனச்சேன், அப்புறம் அகராதி பார்த்தா சிங்கவால் குரங்குன்னு போட்டிருக்கு. ஆனா சிங்கவால் குரங்கு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைய விட்டா வேற எங்கயும் இல்லன்னு தானே படிச்சோம்? சிலோன்ல எப்படி வந்துது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம்_மாமா
இதுல சந்தேகத்துக்கே இடமில்ல. வாண்டரூ = சிங்கவால் குரங்கு. இங்கிலீஷ் குறுக்கெழுத்துல இது பழைய நண்பர், எட்டு எழுத்து, கடைசியில ரெண்டு ஓ வரும். நான் எத்தனையோ தடவ போட்டிருக்கேன். அகராதியில இருந்தா அவ்ளோதான், போட்டு முடிச்சிட்டு அடுத்த பக்கம் போம்மா.

சும்மா_வந்தேன்
வண்டலூர் ஜூவுல இருக்குறதால வாண்டரூவா மாமா 😄

கெடிலக்கரை
மாமா கோவிச்சிக்காதீங்க, அகராதி பாதி தான் சொல்லுது. அந்த அம்மா சரியான எடத்துல தான் கேள்வி கேட்டிருக்காங்க. சிங்கவால் குரங்கு இலங்கையில கெடையாது, எப்பவும் இருந்ததா ஆதாரமும் இல்ல, தமிழ்நாடு கேரளா கர்நாடகா மழைக்காடு மட்டும் தான் அதோட ஊரு.

வாண்டரூங்கறது சிங்களச் சொல். "வந்துரா"ன்னா ஒண்ணு, "வந்துரோ"ன்னா பல. நம்ம வானரத்துக்கும் இந்திக்காரன் பந்தருக்கும் எந்த வேரோ அதே வேர். இத இங்கிலீஷ்ல மொதல்ல எழுதி பிரபலமாக்குனது ராபர்ட் நாக்ஸ். கப்பல்ல வந்தவரு, 1660ல திருகோணமலை பக்கம் கரையிறங்குன எடத்துல கண்டி ராஜா ஆளுங்க பிடிச்சிட்டாங்க, கிட்டத்தட்ட 20 வருஷம் கண்டி ராஜ்யத்துலயே கெடந்து 1679ல தப்பிச்சாரு, 1681ல லண்டன்ல புஸ்தகம் போட்டாரு. அந்தப் புஸ்தகத்துல இந்தக் குரங்க பத்தி ஒரு வர்ணனை வருது: சாம்பல் நிறம், கறுப்பு மூஞ்சி, ஒரு காதுலேர்ந்து இன்னொரு காது வரைக்கும் வெள்ளத் தாடி, பார்த்தா கெழவன் மாதிரியே இருக்கும். அதுக்கும் மேல ஒண்ணு எழுதியிருக்காரு, அது தான் முக்கியம், காட்டுலயே இருந்துகினு எலையும் துளிரும் மட்டும் தின்னுட்டு கெடக்கும், பெருசா தொந்தரவு பண்ணாதுன்னு. எலை தின்னுற குரங்குன்னா அது லாங்கூர் வகை, நம்ம ஊர்ல மந்தின்னு சொல்றது. சிங்கவால் வகை பழம், பூச்சி, கொட்டை, பல்லி கூட தின்னும், எலைய மட்டும் நம்பி இருக்காது.

ஆக நாக்ஸ் பார்த்தது இலங்கையில இருக்குற ஊதாமுக மந்தி. விஞ்ஞானப் பேரு செம்னோபிதிகஸ் வெட்டுலஸ், அந்த வெட்டுலஸ்க்கு லத்தீன்ல அர்த்தமும் கெழவன் தான்.

பாகூர்_ஏரிக்கரை
அய்யோ ரொம்ப நன்றி சார். அப்ப ஏன் அகராதியில சிங்கவால்னு போட்டான்?

சொல்தா_பேரன்
இதுக்கு எங்காளுங்க தான் காரணம், நான் சொல்றேன். (எங்க தாத்தா பிரெஞ்சு மிலிட்டரி, வூட்டுல இன்னிக்கும் அவரோட புஸ்தகப் பெட்டி இருக்கு, அதனால கொஞ்சம் உரிமையோட "எங்காளு"ங்கறேன்.)

பூஃபோன்னு ஒருத்தர், பிரெஞ்சு ராஜாவோட தோட்டத்துக்கு அதிகாரி, உலகத்துல உள்ள எல்லா மிருகத்தையும் பத்தி வால்யூம் வால்யூமா எழுதுனவரு. குரங்கு வர்றது 14வது வால்யூம், 1766. அதுல "உவாந்தெரூ"ன்னு தலைப்பு போட்டு, சிலோன்ல இத இப்படித்தான் கூப்புடுறாங்கன்னு எழுதிட்டு, அவரு வர்ணிச்சது என்னன்னா உடம்பு முழுக்க கறுப்பு, மூஞ்சிய சுத்தி பெரிய வெள்ளப் பிடரி இருக்குற குரங்க. அதாவது நம்ம சிங்கவால. பேரு ஒரு ஊரு, பிராணி ஒரு ஊரு. தபால்காரன் லெட்டர பக்கத்து வூட்டுல போட்டுட்டுப் போன கதை தான். பிரெஞ்சுல டபிள்யூ எழுத்து அப்ப புழக்கத்துல இல்லாததால "உவா"ன்னு ஆரம்பிச்சி எழுதுனாங்க, அத வெச்சி இங்கிலீஷ்காரங்க ஜெர்மன்காரங்க எல்லாம் மிருகக்காட்சி சாலை போர்டுல அப்படியே போட்டுகினாங்க. ஜெர்மன்ல இன்னிக்கும் சிங்கவாலுக்கு "வாண்டெரு"ன்னு பேரு உண்டு.

ஏன் கொழம்புனாங்கன்னு யோசிச்சி பாருங்க, "கறுப்பு மூஞ்சி, வெள்ளத் தாடி"ங்கற வரிய மட்டும் படிச்சிட்டு ரெண்டு குரங்கயும் பார்த்தீங்கன்னா ரெண்டுக்கும் பொருந்துற மாதிரி தான் இருக்கும். போட்டோ இல்லாத காலம்.

மஞ்சக்குப்பம்_மாமா
சரி தம்பி. ஆனா 250 வருஷமா ஒரு சொல்ல ஒரு அர்த்தத்துல ஒலகமே பயன்படுத்துனா அது தானே அர்த்தம்? மொதல்ல தப்பா வந்துதுன்னு சொல்லி இப்ப மாத்துனா எந்தச் சொல்லும் நிக்காது. நம்ம ஊர்லயே எத்தன பேரு அப்படி ஒட்டிகினு இருக்கு.

கெடிலக்கரை
மாமா சொல்றதுல பாயிண்ட் இருக்கு, நான் மறுக்கல. லண்டன் ஜூ கேட்லாக்குல, குறுக்கெழுத்துல, ஐரோப்பாக்காரன் எழுதுன பழைய இயற்கை வரலாறுல வாண்டரூன்னு வந்தா சிங்கவால்னே எடுத்துக்கலாம். ஆனா சிலோன்லயே வாழ்ந்தவன் எழுதுனா? அவன் பக்கத்துல வேலைக்காரன் கைய காட்டி "வந்துரா"ன்னு சொல்லியிருப்பான், அவன் அதத் தான் எழுதியிருப்பான். எழுதுனவன் எங்க ஒக்காந்து எழுதுனான்னு பார்த்தா போதும், பாதி கேள்வி முடிஞ்சிடும்.

இது அன்னைக்கே தெரிஞ்ச விஷயமும் கூட. 1861ல எமர்சன் டென்னென்ட், சிலோன்ல பெரிய அதிகாரியா இருந்த வெள்ளைக்காரர், இலங்கை விலங்குகள பத்தி எழுதும்போதே இந்தப் பேர தப்பா ஒட்ட வெச்சிட்டாங்கன்னு சொல்லிட்டாரு. 1886ல வந்த ஹாப்சன் ஜாப்சன்ங்கற, நம்ம பக்கத்துச் சொல் இங்கிலீஷ்ல கலந்தத தொகுத்த அகராதியிலயும் வாண்டரூவுக்குத் தனி பதிவு இருக்கு, அதுலயும் சிலோன் குரங்குன்னு தான் போட்டிருக்கும். அத எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தரான பர்னெல் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு.

திருகோணமலை_வேர்
நான் குறிஞ்சிப்பாடி பக்கம், அப்பா அம்மா திருகோணமலையில இருந்து வந்தவை. அப்பாட்ட கேட்டன். சிங்களத்தில வந்துரா எண்டா நீள வால், கறுப்பு முகம், மரத்திலயே இருக்கிறது. வீட்டுக்கூரைக்கு வந்து சட்டி பானை உருட்டிற சின்னச் செம்பட்டைக் குரங்குக்கு வேற பேர், ரிலவா. தலையில நடுவகிடு எடுத்த மாதிரி மயிர் இருக்கும். ரெண்டையும் ஒருத்தரும் மாத்திச் சொல்ல மாட்டினம் எண்டார். சத்தம் பற்றியும் சொன்னார், விடியப்புறம் கடுவன் கத்தினா புலி உறுமிற மாதிரி கேக்குமாம், புது ஆக்கள் பயந்து போவினம்.

பாகூர்_ஏரிக்கரை
அண்ணா இது சூப்பர்! என் புஸ்தகத்துலயும் அந்த மாதிரி ஒரு வரி இருக்கு, மொதல் நாள் ராத்திரி தங்கிட்டு காலையில கேட்ட சத்தத்துல சிறுத்தைன்னு நெனச்சி துப்பாக்கிய எடுத்துகினு வெளிய ஓடி வந்தாராம், கூலியாளுங்க சிரிச்சாங்களாம். வால் பத்தியும் இருக்கு, கிளையிலேர்ந்து மணிக்கயிறு கணக்கா தொங்குச்சின்னு.

டீத்தூள்
வால் தொங்குச்சின்னா கேஸ் முடிஞ்சுது. நான் வால்பாறையில பொறந்து வளந்தவன், இப்ப நெல்லிக்குப்பம். சிங்கவால் தெனமும் பார்த்திருக்கேன். அதோட வால் உடம்பு நீளத்துல பாதி தான் இருக்கும், ஒரு அடி சுமாருக்கு, நுனியில குஞ்சம். மந்தி வால் உடம்ப விட நீளம், ரெண்டடிக்கு மேல, நேரா தொங்கும். தூரத்துலேர்ந்து வால மட்டும் பார்த்து சொல்லிடலாம். இன்னொண்ணு, சிங்கவால் நம்ம கோயில் குரங்கு ஜாதி, கன்னத்துல பை இருக்கும், கெடச்சத அடைச்சிகினு போயி அப்புறம் தின்னும். மந்திக்கு பை கெடையாது, மாடு மாதிரி அற அறயா இருக்குற வயிறு, ஒக்காந்து எலைய அரைச்சிகினே இருக்கும்.

சிங்கவாலுக்கு புடிச்சது வெடிப்பலா. முள்ளு முள்ளா இருக்கும், பலா பிஞ்சு கணக்கா, நாம கைல எடுக்க முடியாது, அது பிச்சி உள்ள இருக்குற கொட்டைய தின்னும். அந்த மரம் இருக்குற சோலைய வெட்டி டீ போட்டதுல கூட்டம் துண்டு துண்டா ஆயிடிச்சு. புதுத்தோட்டம் பக்கம் ஒரு பெரிய கூட்டம் ரோட்டோரம், வூட்டு கூரை, கிச்சன் வரைக்கும் வரும், டூரிஸ்ட் கார் அடிச்சி சாவும். அதுக்காக ரோட்டுக்கு மேல மரத்துக்கு மரம் பழைய தீயணைப்பு ஹோஸ வெச்சி பாலம் கட்டி விட்டிருக்காங்க, அதுல நடந்து போறத பார்க்கணுமே. ஒலகத்துலயே காட்டுல மொத்தம் சில ஆயிரம் தான் மிச்சம், அதுல வளந்த குரங்கு 2,500ஐ தாண்டாதுன்னு கணக்கு சொல்றாங்க.

எனக்கு என்ன வருத்தம்னா, இதுக்கு சிங்களப் பேரு இங்கிலீஷ் அகராதியில ஏறிப்போச்சு, எங்க மலையில சொல்ற "சோலைமந்தி" எந்த அகராதியிலயும் இல்ல.

சும்மா_வந்தேன்
ஒரு நிமிஷம் அண்ணே. மந்தி வேற சிங்கவால் வேறன்னு இவ்ளோ நேரம் சொல்லிட்டு இப்ப சிங்கவாலயே சோலைமந்திங்கறீங்க? எனக்கு தலை சுத்துது

கெடிலக்கரை
நல்ல கேள்வி. மந்திங்கறது பழைய தமிழ்ல குரங்கு வகையே இல்ல. பொட்டக் குரங்குக்குப் பேரு. தொல்காப்பியம் மரபியல்லயே குரங்கு, முசு, ஊகம் மூணுக்கும் பெண்ணு மந்தின்னு சொல்லியிருக்கு. ஆணுக்கு கடுவன், கலை. சங்கப் பாட்டுல "முசுக்கலை"ன்னு வரும், அது ஆண் முசு. முசுன்னா கறுப்பு மூஞ்சி நீள வால் லாங்கூர்னும், ஊகம்னா கருங்குரங்குன்னும் பொதுவா உரை சொல்லுவாங்க. அப்புறம் காலப்போக்குல ஆண் பெண் வித்தியாசம் போயி மந்தி பொதுப்பேரா ஆயிடிச்சு, நீலகிரி லாங்கூர் கருமந்தி, சாம்பல் லாங்கூர் வெண்மந்தி, சிங்கவால் சோலைமந்தி. ஆக தமிழ்ல மந்தின்னு மட்டும் போட்டா எந்தக் குரங்குன்னு யாருக்கும் வெளங்காது, முன்னாடி ஒரு அடை வேணும்.

என்னைக் கேட்டா முசுவ மறுபடி புழக்கத்துக்கு கொண்டாரணும். ரெண்டே எழுத்து, எவ்ளோ அழகு.

துறைமுகத்தான்
நீலகிரி கருமந்தின்னு சொன்னீங்க இல்ல, அதுக்கு நம்ம கடக்கரையோட ஒரு தொடர்பு இருக்கு தெரியுமா? அதோட விஞ்ஞானப் பேர்ல "ஜானியை"ன்னு வரும். அந்த ஜான் யாருன்னா தரங்கம்பாடியில இருந்த பாதிரியார், கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், ஜெர்மன்காரர், டேனிஷ்காரன் கோட்டை ஊர்ல 1771லேர்ந்து சாகுற வரைக்கும், 1813. சாமி வேலை போக மிச்ச நேரம் மீனு, பாம்பு, சிப்பின்னு சேத்து சாராயத்துல போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிகினே இருந்தாரு. எனக்கு எப்படி தெரியும்னா நாங்க புடிக்கிற கத்தாளை மீனுல ஒரு வகைக்கு ஜானியஸ்னு பேரு, 1793ல ப்ளாக்ங்கற ஜெர்மன்காரர் இவரு பேர வெச்சாரு, மீன்வளத்துறை டிரெய்னிங்ல சார் சொன்னது. மண்ணுளிப் பாம்புக்கும் அவரு பேரு தான். மீனு, பாம்பு, கொரங்கு மூணுலயும் ஒரே ஆளு.

மஞ்சக்குப்பம்_மாமா
இது எனக்கு புது விஷயம். அருமை.

லாப்_கோட்டு
நானும் ஒண்ணு சேத்துக்கறேன். ரத்த குரூப் பாக்குறவங்களுக்கு தெரிஞ்ச குரங்கு ரீசஸ். ஆர்எச் பாசிட்டிவ் நெகட்டிவ்ல வர்ற அந்த ஆர்எச் இந்தக் குரங்கு பேர்ல இருந்து தான், 1940ல லாண்ட்ஸ்டெய்னரும் வீனரும் அதோட ரத்தத்த வெச்சி ஆராய்ச்சி பண்ணப்ப வந்துது. ஆனா ரீசஸ்ன்னா என்ன அர்த்தம்னு தேடுனா எதுவுமே இல்ல, 1798ல பேரு வெச்ச பிரெஞ்சுக்காரர் கிரேக்கக் கதையில வர்ற ஒரு ராஜா பேர சும்மா தூக்கி வெச்சிட்டாரு. நம்ம ஊரு கோயில்ல இருக்குறது அது இல்ல, அது வடக்க. நம்முளுது தலையில தொப்பி கவுத்த மாதிரி மயிர் இருக்குற நாட்டுக் குரங்கு.

சொல்தா_பேரன்
அய்யா அது ஒரு பெரிய கூத்து! ரீசஸ் ட்ராய் யுத்தத்துக்கு வந்த ராஜா. அதோட நிக்கல. நம்ம பக்கம் இருக்குற சாம்பல் லாங்கூர், கோரமண்டல் லாங்கூர்னு கூட பேரு உண்டு, அதுக்கு 1844ல ப்ளித் வெச்ச பேரு ப்ரயம். ட்ராய் ராஜா, கெழவர். இலங்கை ஊதாமுக மந்தியில கொழும்பு பக்கம் இருக்குற வகைக்கு நெஸ்டர். அதுவும் ட்ராய் கதை, அதுவும் கெழவர். வடக்க இமயமலை அடிவாரத்துல ஹெக்டர், காஷ்மீர் பக்கம் அஜாக்ஸ். என்டெல்லஸ்ன்னு ஒண்ணு, அது வயசான குத்துச்சண்டைக்காரன். சிங்கவாலுக்கு, உயிரினத்துக்கெல்லாம் விஞ்ஞானப் பேரு வெக்கிற முறைய கொண்டாந்த லின்னேயஸ் 1758ல வெச்ச சைலீனஸ் யாருன்னா மதுக் கடவுளோட சுத்துற தாடிக்காரக் கெழவன். வெள்ளத் தாடிய பார்த்தா ஒடனே எவனாவது ஒரு கெழவன் பேரு ஞாபகம் வந்துடுது இவங்களுக்கு.

அனுமாருன்னு ஊரே கும்புடுற குரங்கு, அதுக்கு சேது பாலம் கட்டுன சேனையில நூறு பேரு ரெடியா இருக்க, ஒருத்தனுக்கும் நீலன், அங்கதன், சாம்பவான்னு வெக்கத் தோணல பாருங்க. அவங்க பள்ளிக்கூடத்துல படிச்ச புராணம் அது, என்ன செய்ய.

சும்மா_வந்தேன்
சாம்பவான் கரடி அண்ணே

சொல்தா_பேரன்
கரடின்னும் சொல்லுவாங்க குரங்குன்னும் சொல்லுவாங்க, அதுக்கு தனியா ஒரு இழை போடு.

டீத்தூள்
பேர விடுங்க, கருமந்திக்கு பேராலயே ஆபத்து வந்துது. கருங்குரங்கு லேகியம், கருங்குரங்கு ரசாயனம்னு ஒரு காலத்துல பஸ் ஸ்டாண்டுல எல்லாம் வித்தான், ஆஸ்துமா போகும் உடம்பு தேறும்னு. ரத்தத்துக்காகவும் கறிக்காகவும் சுட்டுத் தள்ளுனதுல மலையில பல எடத்துல காணாமலே போச்சு. 1972 வனவிலங்கு சட்டம் வந்து முதல் அட்டவணையில போட்டதுக்கப்புறம் தான் மூச்சு விட்டுது. சிங்கவாலுக்கு கறுப்பு ஒடம்பு வேற, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவன் அதையும் சுட்டான். எந்தக் குரங்குன்னு தெரியுறது அகராதிக்காரனுக்கு மட்டும் வேண்டிய விஷயம் இல்லங்க.

கெடிலக்கரை
ஆமா. சிங்கவால் பேரு ஜனங்களுக்கு தெரிஞ்சதே சைலண்ட் வேலி போராட்டத்துல தான். அணை கட்டப் போறாங்கன்னு கேரளாவுல எதிர்த்தப்ப அந்தக் குரங்கு தான் போஸ்டர்ல நின்னுது, கடைசியில அணை வரல, 1984ல தேசியப் பூங்கா ஆயிடிச்சு. அப்ப யாரும் வாண்டரூன்னு சொல்லல, மலையாளத்துல சிம்ஹவாலன்.

பாகூர்_ஏரிக்கரை
எவ்ளோ விஷயம்! ஆனா எனக்கு வேல பாக்கி இருக்கு. என்ன போடட்டும்? ஊதாமுக மந்தின்னு போட்டா சித்தப்பா "ஊதாவா?"ன்னு கேப்பாரு, அந்த வெள்ளைக்காரரும் ஊதான்னு எங்கயும் சொல்லல. வாண்டரூன்னே வெச்சா படிக்கிறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.

திருகோணமலை_வேர்
அக்கா, அப்பா சொல்றார், ஊதா எண்டு ஊர்ல ஒருத்தரும் சொல்றேல்ல. கறுப்பு முகம் எண்டு தான். "கருமுக மந்தி" எண்டு போடுங்கோ.

கெடிலக்கரை
கருமுக மந்தி நல்லாருக்கு, ஆனா வெண்மந்திக்கும் மூஞ்சி கறுப்பு தான், இலங்கையில வெண்மந்தியும் இருக்கு, வறண்ட பக்கம். உங்க தோட்டக்காரர் எந்த ஊர்ல இருந்தாருன்னு புஸ்தகத்துல இருக்கா?

பாகூர்_ஏரிக்கரை
நுவரெலியா பக்கம்னு ரெண்டு மூணு எடத்துல வருது சார். குளுருக்கு கம்பளி போத்துன மாதிரி மயிர்னும் எழுதியிருக்காரு.

கெடிலக்கரை
அப்ப சந்தேகமே இல்ல. மலை உச்சியில இருக்குற ஊதாமுக மந்திக்கு மயிர் அடர்த்தியா நீளமா இருக்கும், அதனால அத இங்கிலீஷ்ல கரடிக் குரங்குன்னே சொல்லுவாங்க. வெண்மந்தி அந்த உசரத்துக்கு வராது. கருமுக மந்தின்னே போடுங்க, மொதல் தடவ வரும்போது மட்டும் "சிங்களர் வந்துரா என்பர்"னு ஒரு வரி சேத்துடுங்க, வெள்ளைக்காரர் வாண்டரூன்னு எழுதுனது எங்கேர்ந்து வந்துதுன்னு படிக்கிறவங்களுக்கு தானா புரியும். சிங்கவால்னு மட்டும் தயவு செஞ்சி போடாதீங்க.

சொல்தா_பேரன்
பழைய என்சைக்ளோபீடியா படம் பாக்கணும்னா பாண்டிச்சேரி ரோமேன் ரோலண்ட் நூலகம் ஒரு நடை போயி பாருங்க, பிரெஞ்சு புஸ்தகம் நெறைய இருக்கு, 1827லேர்ந்து இருக்குற நூலகம். சித்தப்பாவையும் கூட்டிகினு போங்க.

மஞ்சக்குப்பம்_மாமா
எல்லாம் சரி, ஒத்துக்கறேன், சிலோன் புஸ்தகத்துக்கு கருமுக மந்தியே போட்டுக்கம்மா. ஆனா ஞாயித்துக்கிழம கட்டத்துல "சிங்கவால் குரங்கு, எட்டு எழுத்து"ன்னு குறிப்பு வந்தா நான் வாண்டரூ தான் போடுவேன். கட்டம் போடுறவன் பூஃபோ கட்சி, அவன்கிட்ட நாக்ஸ காட்டி என் பேனாவ நிறுத்த முடியாது.

சும்மா_வந்தேன்
மாமா ஏழு எழுத்துல குரங்கு கேட்டா?

மஞ்சக்குப்பம்_மாமா
மகாக் இல்ல கொலோபஸ். குறுக்க வர்ற எழுத்த பாத்து போடணும். போயி தூங்குடா.